கடைசி நாலு கிலோ: வாரத்துக்கு எவ்வளவு குறைத்தால் சரி?

எடை குறைக்கக் கிளம்புகிற எல்லோர் காதிலும் விழும் எண் ஒன்று உண்டு: வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் 'ஒன்று முதல் இரண்டு பவுண்டு' என்பதும் இதுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி இன்னும் அடக்கமாக, வாரத்துக்கு அரை கிலோ பாதுகாப்பானது என்கிறது. எண்களில் தப்பில்லை. ஆனால் 95 கிலோவிலிருந்து இறங்க ஆரம்பிக்கிறவருக்கும், 60 கிலோவில் நின்றுகொண்டு "இன்னும் நாலு கிலோதான்" என்பவருக்கும் அதே எண்ணைக் கொடுப்பதுதான் சிக்கல்.

இந்தக் கட்டுரை இரண்டாமவருக்கு. பாதிக்கு மேல் குறைத்துவிட்டீர்கள். பழைய சட்டை தொளதொள என்றாகிவிட்டது. ஆனால் எடை மெஷின் மட்டும் முன்பு போல நகரமாட்டேன் என்கிறது. இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது சாப்பாட்டை இன்னும் வெட்டுவது. நான் சொல்லப்போவது நேர் எதிர்: இலக்கு நெருங்க நெருங்க வேகத்தை நீங்களாகவே குறைத்துக்கொள்ளுங்கள். ஏன், எவ்வளவு என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவுக்குள் எத்தனை கலோரி

நம் உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்புத் திசு சுத்தமான எண்ணெய் அல்ல. அதில் தண்ணீரும் மற்றவையும் கொஞ்சம் கலந்திருக்கின்றன. ஆகவே ஒரு கிராமுக்கு 9 கலோரி என்று நேராகப் பெருக்காமல், கிலோவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்துக்கொள்கிறார்கள். 1958-இல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று கணக்குப் போட்டார். அதன் கிலோ வடிவம் இது.

செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிடும் அளவைப் பற்றாக்குறை என்போம். வாரத்துக்கு ஒரு கிலோ குறைய வேண்டுமானால் தினம் 1,100 கலோரி பற்றாக்குறை வேண்டும். அரை கிலோவுக்கு 550. கால் கிலோவுக்கு 275. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

இனி ஓர் உதாரணம். வயது 38, உயரம் 156 செ.மீ., உட்கார்ந்து செய்யும் வேலை, மாலையில் கொஞ்சம் நடை என்று இருக்கும் ஒரு பெண். ஆரம்பத்தில் 72 கிலோ, இப்போது 60, இலக்கு 56. அந்த 56 சும்மா வந்த எண் இல்லை. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23-க்கு மேல் போனாலே அதிக எடை என்று 2009-இல் இந்திய மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இருக்கிறது. இந்த உயரத்துக்கு 23 என்பது 56 கிலோ.

உடம்பு சும்மா இருந்தாலே செலவழிக்கும் கலோரியைக் கணக்கிட மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று உண்டு. கிலோவைப் பத்தால் பெருக்கி, செ.மீ. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிச் சேர்த்து, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண்ணானால் 161-ஐக் கழிக்க வேண்டும். ஆணானால் 5 கூட்ட வேண்டும். வந்த விடையை, அதிகம் நடமாடாதவர்களுக்கு 1.4-ஆல் பெருக்கினால் ஒரு நாள் மொத்தச் செலவு தோராயமாகக் கிடைக்கும். நம் உதாரணப் பெண்ணுக்கு 72 கிலோவில் சுமார் 1,880 கலோரி. 60 கிலோவில் 1,715. 56 கிலோவில் 1,660.

ஆரம்பத்தில் அவர் 1,880-இல் 550-ஐக் கழித்து 1,330 கலோரி சாப்பிட்டார், வாரம் அரை கிலோ குறைந்தது. 60 கிலோவிலும் அதே 1,330-ஐச் சாப்பிட்டால்? பற்றாக்குறை 385-தான். வாரத்துக்கு 350 கிராம். டயட்டை ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறார், ஒரு வடைகூடக் கூடுதலாகத் தின்னவில்லை, ஆனாலும் வேகம் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. சின்ன உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கச் செலவு குறைவு, அவ்வளவுதான். நிஜத்தில் இழப்பு இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். எடை குறைந்த உடம்பு, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிடவும் சிக்கனமாக ஓடத் தொடங்கிவிடும். நமக்குத் தெரியாமலே கை கால் அசைவுகூடக் குறைகிறது.

இப்போது அவர் பழைய அரை கிலோ வேகத்தையே திரும்பப் பிடிக்க நினைத்தால் 1,165 கலோரிக்கு இறங்க வேண்டும். ஒரு கிலோ வேகம் வேண்டுமென்றால் 615 கலோரி. ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி, எடை குறைக்கும் உணவு எதுவும் 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. அதே ஒரு கிலோ வேகத்துக்கு 72 கிலோவில் 780 கலோரியாக இருந்திருக்கும், அதுவே கூடாதது. 60-இல் கேட்கவே வேண்டாம். கால் கிலோ வேகம் என்றால் 1,440 கலோரி கிடைக்கும். அது மூன்று வேளையும் ஒரு காபியும் அடங்கும் சாப்பாடு, மனிதர் சாப்பிடுகிற அளவு.

குறைவது கொழுப்புதானா?

மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். நமக்கு ஒன்றல்ல. சாப்பாட்டில் விழும் பள்ளத்தை உடம்பு கொழுப்பிலிருந்தும் நிரப்பும், தசையிலிருந்தும் நிரப்பும். கொழுப்பு நிறைய இருக்கும்போது பெரும்பகுதி அங்கிருந்தே வரும். சேமிப்பு குறைந்தபிறகும் அதே வேகத்தில் இழுத்தால் தசையின் பங்கு கூடும். தேங்காய் துருவுகிறவர்களுக்கு இது புரியும்: நடுவில் எவ்வளவு வேகமாகவும் துருவலாம், சிரட்டையை நெருங்கியபின் கையை மெதுவாக்காவிட்டால் வெள்ளையோடு பழுப்பும் சேர்ந்து விழும்.

நார்வேயில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 24 விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைக்க வேண்டும், மற்றது 1.4 சதவீதம். இரண்டு குழுவுக்கும் வாரம் நான்கு முறை எடைப் பயிற்சி. கடைசியில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு எடையைத்தான் இழந்தன, அதாவது ஐந்தரை சதவீதம். ஆனால் மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பற்ற உடல் எடை (தசை முதலியவை) 2 சதவீதம் கூடியிருந்தது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது கூடவில்லை. இவர்கள் ஏற்கெனவே ஒல்லியானவர்கள் என்பதைக் கவனியுங்கள். இலக்கை நெருங்கியவரின் நிலை, 100 கிலோக்காரரின் நிலையைவிட இவர்கள் நிலைக்குத்தான் பக்கம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. உடம்பில் கொழுப்பின் பங்கோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு என்கிற இந்த உடல்வாகு இந்தியர்களிடம் சகஜம். இருப்பதே கொஞ்சம் தசை. அதையும் கடைசி நாலு கிலோ அவசரத்தில் விட்டுவிட்டால், மெஷின் 56 காட்டும்போது தொந்தி அப்படியே இருக்கும், கையும் காலும் மட்டும் சூம்பியிருக்கும். சர்க்கரை நோய்க்கு வழிவிடுவது அந்தத் தொந்திதான்.

பசி எங்கிருந்து வருகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் டயட்டை விட்டவர்கள் தங்களுக்கு மன உறுதி இல்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்குத் தரும் கனாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதைச் சாப்பிடுகிறவருக்குத் தினமும் கலோரி கசிகிறது, ஆனால் அவருக்கு அது தெரியாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் சகாக்களும் இதை வைத்து 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். எடை குறையக் குறைய அந்த நோயாளிகள் தம்மை அறியாமல் அதிகம் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி தினம் சுமார் 100 கலோரி கூடியது. அதே ஒரு கிலோ குறைந்ததால் உடல் செலவில் ஏற்படும் சரிவோ 20, 30 கலோரிதான். அதாவது எடை நின்றுபோவதில் 'மெட்டபாலிசம்' செய்யும் வேலையைவிடப் பசி செய்யும் வேலை மூன்று மடங்குக்கும் மேல். யூடியூபில் மெட்டபாலிசத்தைத் தூண்டும் சீரகத் தண்ணீர் பற்றி இருக்கும் வீடியோக்களில் கால்வாசியாவது பசியைப் பற்றி இருந்தால் நன்றாக இருக்கும்.

பசி உடனே தணிவதும் இல்லை. 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எடை குறைத்தவர்களின் ஹார்மோன்களை ஓராண்டு கழித்து அளந்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் இன்னும் கூடுதலாகவே இருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் இன்னும் குறைவாகவே இருந்தது. ஆக, 60 கிலோவில் நிற்கும் நம் உதாரணப் பெண், 72-இல் இருந்தபோது தாங்கிய அதே 550 கலோரிப் பள்ளத்தை இப்போது தாங்குவது முன்பைவிடக் கஷ்டம். அவர் மனதில் மாற்றமில்லை, எதிரே நிற்கும் பசிதான் வளர்ந்துவிட்டது.

ஏற்கெனவே கொழுப்பு குறைவாக உள்ள உடம்பில் பெரிய பள்ளம் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை இன்றும் முதல் உதாரணம். போர் செய்ய மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள், 24 வாரம், தினம் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கால்வாசி போயிற்று. அவர்கள் பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆனது. சமையல் புத்தகங்களைக் கதை போல வாசித்தார்கள். சோதனை முடிந்ததும் வயிறு நிறைந்த பின்னும் பலரால் நிறுத்த முடியவில்லை. இழந்த கொழுப்பு தசையைவிட வேகமாகத் திரும்பி, பழைய அளவையும் தாண்டியது. கவனியுங்கள், 1,570 என்பது இன்று பல டயட் சார்ட்டுகளில் தாராளமான அளவு; அவர்களுக்கோ அது செலவைவிட மிகக் குறைவு, வினை வைத்தது அந்தப் பள்ளம்தான்.

'மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும்' என்பது

இந்த வாக்கியத்தை நானும் நீங்களும் நூறு முறை கேட்டிருப்போம். அதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. மெல்போர்னில் 2014-இல் வெளியான ஆய்வில் உடல் பருமன் உள்ள 200 பேரில் ஒரு பாதி 12 வாரத்திலும் மறு பாதி 36 வாரத்திலும் எடை குறைத்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுமே இழந்ததில் ஏறக்குறைய 71 சதவீதத்தைத் திரும்பப் பெற்றிருந்தது. வேகமோ மெதுவோ, திரும்பி வந்ததில் வித்தியாசம் இல்லை.

ஆகவே இலக்கை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு அந்தப் பழமொழி காரணம் அல்ல. தசையும் பசியும், சமையலறையில் நடைமுறையாகச் சாப்பிட முடியும் அளவும்தான் காரணம். நூறு கிலோவுக்கு மேலிருக்கும் ஒருவர் மருத்துவர் கண்காணிப்பில் வேகமாக இறங்குவதை நான் எதிர்க்கவில்லை. அவரிடம் இழக்கக் கொழுப்பு இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் நீண்ட காலம் இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் ஆபத்து கூடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எந்த எண்?

கிலோவில் யோசிக்காமல் உடல் எடையின் சதவீதத்தில் யோசித்தால் வேகம் தானாகவே உங்களோடு இறங்கும். வாரத்துக்கு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் என்பது பொதுவான எல்லை. இலக்குக்கு வெகு தூரம் இருப்பவர் மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கலாம். நெருங்கியவர் அரை சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 60 கிலோவில் அரை சதவீதம் 300 கிராம்.

நடைமுறைக்கு நான் இப்படி வைத்துக்கொள்கிறேன். பத்து கிலோவுக்கு மேல் பாக்கி என்றால் வாரம் அரை கிலோ முதல் முக்கால் கிலோ. ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் என்றால் 400, 500 கிராம். ஐந்துக்குள் வந்துவிட்டால் 250 முதல் 300 கிராம். கடைசி ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு 150, 200 கிராம் போதும், அது நடக்காத வாரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, மேலே சொன்ன கணக்கிலிருந்து வரும் என் கணிப்பு.

இதனால் எவ்வளவு காலம் இழக்கிறோம்? நாலு கிலோவை வாரம் அரை கிலோ வீதம் குறைத்தால் 8 வாரம். 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக என்றால் சுமார் 14 வாரம். வித்தியாசம் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்காக எரிச்சல், தலைசுற்றல், முடி கொட்டல், ஞாயிற்றுக்கிழமை அடக்க முடியாத பசி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கட்சி. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கு ஒன்று மட்டும்: புடவையிலும் போட்டோவிலும் தெரிவது இரண்டு கிலோ வித்தியாசமல்ல, தூங்காத முகம்.

மெதுவான வேகத்துக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. விளிம்பு மிகக் குறுகல். தினம் 275 என்றால் வாரத்துக்கு 1,925 கலோரிதான் மொத்தப் பற்றாக்குறை. ஞாயிறு மதியம் ஒரு முழு பிரியாணி, கூட ஒரு கூல் டிரிங்க், ஒரு ஐஸ்கிரீம் என்று வழக்கத்தைவிட 600 கலோரி கூடினால் வாரத்தின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 72 கிலோவில் இது ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. அதனால் கண் அளவை நம்பிக்கொண்டிருந்தவர்கள் கடைசிக் கட்டத்திலாவது எண்ணெயை ஸ்பூனால் அளப்பது நல்லது. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் கை, தினமும் ஒரே அளவா ஊற்றுகிறது?

மெஷின் பொய் சொல்லும் நாட்கள்

வாரத்துக்கு 250 கிராம் குறைகிறது, ஆனால் உடம்பிலுள்ள தண்ணீர் ஒரே நாளில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். டயட் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ சடாரென்று இறங்கியதே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர். அந்த முதல் வாரத்தை வைத்து உங்கள் வேகத்தை எடை போட்டிருந்தால் அப்போதே மறந்துவிடுங்கள்.

கல்யாண விருந்துக்குப் போய் வந்த மறுநாள் ஒன்றரை கிலோ கூடியிருந்தால் அது சோறு, உப்பு, தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் செலவுக்கு மேல் 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். பந்தியில் மூன்று முறை உட்கார்ந்தாலும் அது நடக்காது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு ஏறிய நாளுக்கும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலிக்கும் வாரத்துக்கும் இதே கதை. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ வரை, சிலருக்கு அதற்கு மேலும், தண்ணீர் நிற்கும். கால் கிலோ வேகத்தில் இருப்பவருக்கு அது மூன்று நாலு வார உழைப்பை முழுசாக மறைத்துவிடும்.

எனவே தினமும் காலை, கழிவறை போய்வந்த பின், எதுவும் குடிப்பதற்கு முன் எடை பார்த்து எழுதுங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். அந்தச் சராசரி ஒன்றுதான் இந்த வார எடை. அதையும் போன வாரத்தோடு ஒப்பிடாமல் நாலு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஒவ்வொரு சுழற்சியிலும் அதே இடத்தை ஒப்பிட்டதாகிவிடும். நாலு வாரத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தால் எல்லாம் சரி. அரை கிலோகூட இல்லையென்றால் எங்கோ கணக்கு கசிகிறது. இரண்டு கிலோ குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், 200 கலோரி கூட்டிச் சாப்பிடுங்கள்.

தினமும் எடை பார்த்தால் மனசு கெடுகிறது என்பவர்கள் மெஷினைப் பரண்மேல் போட்டுவிட்டு டேப்பால் இடுப்பை மாதம் ஒருமுறை அளக்கலாம். தொப்புள் உயரத்தில், மூச்சை இழுக்காமல்.

அந்த 275 எங்கே கிடைக்கும்?

60 கிலோவில் நிற்கும் ஒருவர் இன்னும் ஒரு வேளைச் சாப்பாட்டையே தூக்க வேண்டியதில்லை. காபி, டீயில் தினம் நாலு ஸ்பூன் சர்க்கரை போகிறதென்றால் அது 80 கலோரி. சமையலில் ஒருவர் பங்குக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்தால் ஏறக்குறைய 125. சாதத்தில் நூறு கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி, குறைந்தால் 130. இந்த மூன்றும் சேர்ந்தாலே 275-ஐத் தாண்டிவிடும். அரை மணி நேர நடை 60 கிலோ ஆளுக்கு சுமார் 100 கலோரி. ஆகவே சாப்பாட்டில் 175, நடையில் 100 என்று பிரித்துக்கொண்டாலும் சரி.

குறைக்கக் கூடாதது புரதம். பற்றாக்குறையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்றாலே 60 கிலோவுக்கு 72 கிராம். காலை இட்லி, மதியம் சாம்பார் ரசம், இரவு தோசை என்ற வழக்கமான சைவ நாளில் நாற்பதைத் தாண்டுவதே பாடு. முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் பனீரில் சுமார் 18, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25, சமைத்த மீனிலோ கோழியிலோ நூறு கிராமுக்கு 20-க்கும் மேல். சாயங்கால பஜ்ஜி இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தால் கலோரியும் குறையும், புரதமும் ஏறும், பசியும் அடங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தசையை வைத்துக்கொள்ள அதற்கு வேலையும் தர வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள், கனமான எதையாவது தூக்குங்கள், தள்ளுங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள். ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ரப்பர் பேண்டும் சுவரும் போதும். நடை மட்டும் இந்த வேலையைச் செய்யாது.

இறங்கத்தான் வேண்டுமா?

சில நேரம் சரியான வேகம் பூஜ்யம். ஏழெட்டு மாதமாகத் தொடர்ந்து குறைத்துக்கொண்டிருப்பவர் இரண்டு வாரம் செலவுக்குச் சமமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வருவது தோல்வியல்ல. தீபாவளி வாரத்தில் குறைக்கப் பார்ப்பதைவிட அந்த வாரம் எடையை நிறுத்திவைப்பது புத்திசாலித்தனம். இடுப்பளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. என்ற எல்லைக்குள் வந்துவிட்டது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன என்றால், கல்லூரிக் காலத்து எடைக்காகக் கடைசி மூன்று கிலோவோடு மல்லுக்கட்டுவதா என்று மறுபடி யோசிக்கலாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள், எடை குறைக்கும் ஊசி போடுபவர்கள், ரத்த அழுத்த மாத்திரையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தனியாகப் போடக் கூடாது. எடை குறையும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும், ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிப்போகும் தாழ்சர்க்கரை சொல்லிக்கொண்டு வராது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், சாப்பாட்டோடு பழைய போராட்டம் உள்ளவர்களுக்கும் மருத்துவர் துணை இருந்தாக வேண்டும்.

56-ஐத் தொட்ட பிறகு சாப்பாட்டை அந்த எடைக்கான 1,660 கலோரி வரை திருப்பி ஏற்ற வேண்டும், அதாவது 1,440-உடன் சுமார் 220 சேர்க்க வேண்டும். இரண்டு வார இடைவெளியில் பாதி பாதியாகச் சேர்க்கலாம். அப்போது அரை கிலோவோ ஒரு கிலோவோ உடனே ஏறும். கிளைகோஜனும் தண்ணீரும் தங்கள் இடத்துக்குத் திரும்புகின்றன, பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு இடம் விட்டு இலக்கை ஒற்றை எண்ணாக வைக்காமல் 55.5-லிருந்து 57.5 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரச் சராசரி தொடர்ந்து மூன்று முறை மேல் கோட்டைத் தாண்டினால் மறுபடியும் நாலு வாரத்துக்கு அதே 275.